‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்றால் உங்கள் வயலுக்கு என்ன பொருள்?

“தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்.” ஐப்பசி, கார்த்திகையில் இந்த வரியைக் கேட்காத விவசாயி இருக்க மாட்டார். இதைக் கேட்டதும் ஒருவர் மேலுரம் போடுவதை நிறுத்திவிடுகிறார். பக்கத்து வயல்காரர், “இவங்க சொல்ற மழை எங்க பெய்யுது?” என்று யூரியா மூட்டையைப் பிரித்துவிடுகிறார். இருவரும் கேட்டது ஒரே அறிவிப்பைத்தான்.

வானிலை அறிக்கையில் வரும் ‘லேசான’, ‘மிதமான’, ‘கன’, ‘ஓரிரு’, ‘அநேக’ போன்ற சொற்கள் பேச்சுவழக்குச் சொற்கள் போலத் தோன்றினாலும், ஒவ்வொன்றுக்கும் இந்திய வானிலை ஆய்வுத்துறை ஓர் அளவு வைத்திருக்கிறது. அந்த அளவு தெரிந்தால், மழை எவ்வளவு, எத்தனை இடத்தில், எந்த நேரத்துக்குள் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த ஒரு வரியிலேயே பதில் கிடைக்கும். உரம், மருந்து, அறுவடை, விதைப்பு ஆகியவற்றில் நம் பணம் எதில் போகும், எதில் நிற்கும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

மழையின் அளவு

1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 லிட்டர் தண்ணீர் விழுந்தது என்று பொருள். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஆகவே 1 மி.மீ. மழை பெய்தால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டரும், 1 செ.மீ. பெய்தால் 40,000 லிட்டரும் கிடைக்கும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றைக் கொண்டுவந்து கொட்டினாலும் இந்த அளவு வராது.

24 மணி நேரத்தில் 2.5 மி.மீ.க்குக் குறைவாகப் பெய்தால் மிக லேசான மழை. அது ‘மழை நாள்’ கணக்கிலேயே சேராது. 2.5 முதல் 15.5 மி.மீ. வரை லேசான மழை. 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. 64.5 முதல் 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் பெய்தால் அதி கனமழை. செய்தித்தாள்கள் இதைச் சென்டிமீட்டரில் முழு எண்ணாக்கி 7 முதல் 11 வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-க்கு மேல் அதி கனமழை என்று போடுகின்றன. வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் மி.மீ., செ.மீ. இரண்டும் இடம் மாறிக் கிடப்பது சாதாரணம். எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்.

இவற்றில் விவசாயியை அதிகம் ஏமாற்றுவது ‘மிதமான மழை’ என்ற சொல். 16 மி.மீ. பெய்தாலும் மிதமான மழைதான், 64 மி.மீ. பெய்தாலும் மிதமான மழைதான். முதலாவது பெய்தால் நிலக்கடலைக்கு ஒரு நல்ல நனைப்பு. இரண்டாவது பெய்தால் ஏக்கருக்கு இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுந்திருக்கும். வடிகால் இல்லாத மேடு பள்ளமான நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் அழுகத் தொடங்க அது போதும். எனவே ‘மிதமான மழைதானே’ என்று வாய்க்காலைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். அந்த அளவு ஒரு மணி நேரத்தில் கொட்டுமா, நாள் முழுக்கச் சிணுங்குமா என்பதையும் அந்தச் சொல் சொல்வதில்லை. செம்மண் சரிவு நிலத்தில் 4 செ.மீ. மழை ஒரே மூச்சில் பெய்தால் பாதி ஓடிவிடும். அதே மழை நிதானமாகப் பெய்தால் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கும்.

லேசான மழைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. வெயில் காலத்தில் நம் பகுதிகளில் ஒரு நாளில் 4 முதல் 6 மி.மீ. வரை ஆவியாகிறது. ஆகவே 5 மி.மீ. மழை பெய்தால் மேல்மண் நிறம் மாறும், வாசனை வரும், மறுநாள் மாலையில் பழையபடி ஆகிவிடும். மானாவாரியில் இதை நம்பி விதைத்தால் விதை முளைவிட்டுக் காய்ந்துபோகும். நம் ஊர்களில் ‘ஒரு உழவு மழை’ என்று சொல்வதைச் சுமார் 2 முதல் 2.5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் மண்ணுக்கு மண் மாறும். 1 செ.மீ. மழை காய்ந்த மணற்பாங்கான நிலத்தில் சுமார் 10 செ.மீ. ஆழம் வரை இறங்கும். கரிசலில் அதில் பாதிதான். சந்தேகம் இருந்தால் கம்பியை மண்ணில் குத்தியோ, மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டியோ ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். விதைப்பைப் பொறுத்தவரை முன்னறிவிப்பை விட அந்த ஈரமே பெரிய சாட்சி.

‘ஓரிரு’, ‘ஒரு சில’, ‘அநேக’, ‘பெரும்பாலான’

“முன்னறிவிப்பு பொய்த்துவிட்டது” என்ற குறை பெரும்பாலும் பிறப்பது இந்தச் சொற்களில்தான். ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் எத்தனை சதவீதத்தில் மழை பதிவாகும் என்பதை இவை சொல்கின்றன. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் 25 சதவீதம் வரை. ‘ஒரு சில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 வரை. ‘அநேக இடங்களில்’ என்றால் 51 முதல் 75 வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் 76 சதவீதமும் அதற்கு மேலும்.

ஒரு மாவட்டத்தில் 20 மழைமானிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்ற அறிவிப்பு வந்து, மூன்று இடங்களில் மட்டும் 7 செ.மீ. பதிவாகி, மற்ற 17 இடங்களில் வெயில் அடித்தாலும் அறிவிப்பு சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் ஊர் அந்த 17-ல் இருந்தால் உங்களுக்குப் பொய்த்தது போலத் தெரியும். கோடையில் வெப்பச்சலனத்தால் வரும் மழை குறிப்பாக இப்படித்தான். ஒரு கண்மாய்க்கு அந்தப் பக்கம் கொட்டும், இந்தப் பக்கம் புழுதி பறக்கும்.

அறிக்கையில் பெரும்பாலும் இரண்டு மழை ஒரே வாக்கியத்தில் வரும். “அநேக இடங்களில் லேசானது முதல் மிதமான மழையும், ஓரிரு இடங்களில் கனமழையும் பெய்யக்கூடும்.” இதை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். உங்கள் வயல் நனைவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் 6.5 செ.மீ.க்கு மேல் கொட்டுவதற்கான வாய்ப்பு நான்கில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான். செய்தித் தலைப்பில் வருவது ‘கனமழை’ மட்டுமே. வாக்கியத்தின் முதல் பாதி தலைப்பில் வராது.

நான்கில் ஒரு பங்கு வாய்ப்புக்கு என்ன செய்வது? இதற்கு எல்லா வேலைக்கும் பொதுவான ஒரே பதில் இல்லை. தவறினால் எவ்வளவு நட்டம், காத்திருந்தால் எவ்வளவு நட்டம் என்று பார்க்க வேண்டும். களத்தில் நெல்லோ மிளகாயோ காய்கிறது என்றால் ‘ஓரிரு இடங்களில் லேசான மழை’ என்ற அறிவிப்பே தார்ப்பாயை எடுத்து வைக்கப் போதுமானது. மூடுவதற்கு அரை மணி நேர வேலை, மூடாவிட்டால் விலையே போய்விடும். சம்பா நெல்லுக்கு யூரியா மேலுரம் போட நினைத்தால், ‘கனமழை’ என்ற சொல் உங்கள் மாவட்டத்துக்கு எந்த வடிவில் வந்தாலும் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். இரண்டு நாள் தாமதத்தால் பயிர் கெடாது. வரப்பு வழிந்தால் தழைச்சத்து பக்கத்து வாய்க்காலுக்குப் போய்விடும். மருந்து தெளிப்பதற்கு, தெளித்த பிறகு குறைந்தது நான்கைந்து மணி நேரம் மழை இல்லாமல் இருந்தால் போதும் என்பதால், மறுநாள் முன்னறிவிப்பை விட அன்றைய காலை வானமும் மூன்று மணி நேர அறிவிப்பும்தான் உதவும். விதைப்புக்கோ நேர் எதிர். ‘பெரும்பாலான இடங்களில் மழை’ என்று சொன்னாலும், புழுதி விதைப்பு செய்பவர்களைத் தவிர மற்றவர்கள் பெய்த பிறகு ஈரம் பார்த்தே விதைக்க வேண்டும்.

வானிலை நாள் காலை 8.30-க்குத் தொடங்குகிறது

நம் நாள்காட்டியில் நாள் நள்ளிரவில் மாறும். வானிலைத் துறையில் காலை 8.30 மணிக்கு மாறும். 12ஆம் தேதிக்கு மழை என்று அறிவித்தால், 12ஆம் தேதி காலை 8.30 முதல் 13ஆம் தேதி காலை 8.30 வரை என்று பொருள். 13ஆம் தேதி அதிகாலை நான்கு மணிக்குப் பெய்யும் மழை 12ஆம் தேதிக் கணக்குதான். “12ஆம் தேதி முழுக்கக் காய்ந்தது, 13ஆம் தேதிதான் பெய்தது” என்று சொல்பவர்களில் பலர் பேசுவது இந்த மழையைப் பற்றித்தான். கடற்கரை மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும் பெய்வதால், இங்கே இந்தக் கணக்கு முக்கியம். 12ஆம் தேதி மழை என்றால் 13ஆம் தேதி காலை வரை அறுவடை இயந்திரத்தை வயலில் இறக்காதீர்கள்.

புயலின் பெயர் காற்றைச் சொல்கிறது, மழையைச் சொல்வதில்லை

காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல் என்று வரிசையாகக் கேட்கும்போது, மேலே போகப் போக மழையும் கூடும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் இந்த வரிசை முழுவதும் காற்றின் வேகத்தை வைத்தே பிரிக்கப்பட்டது. சுழற்சியில் காற்று மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழ் இருந்தால் தாழ்வுப் பகுதி, 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 முதல் 88 வரை புயல், 89 முதல் 117 வரை தீவிரப் புயல், அதற்கு மேல் மிகத் தீவிரம் முதலான நிலைகள். எவ்வளவு மழை என்பது இந்த வரையறையில் எங்கும் இல்லை.

இதற்கு நம் மாநிலமே சாட்சி. 2023 டிசம்பர் 18 காலை 8.30-உடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. அந்த மாவட்டத்தின் ஓராண்டு சராசரியை விட அது அதிகம். அப்போது புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சிதான் காரணம். அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அது வலுவிழந்து உள்மாவட்டங்களுக்குள் நகர்ந்தபோது, டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. “புயல் கரை கடந்துவிட்டது, இனி பயமில்லை” என்று மோட்டாரை ஆற்றங்கரையிலேயே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கடந்த கஜா நேர்மாறான உதாரணம். அங்கே டெல்டாவை அழித்தது மழையை விடக் காற்றுதான். மணிக்கு 120 கி.மீ.க்கு மேல் வீசிய காற்றில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. ஆகவே இரண்டு எச்சரிக்கைகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். காற்று எச்சரிக்கை வாழைக்கும் தென்னைக்கும் பசுமைக்குடிலுக்கும் உரியது. வாழைக்கு முட்டு கொடுப்பது, தென்னையில் முற்றிய காய்களை இறக்குவது ஆகியவற்றை அதை வைத்து முடிவு செய்யலாம். மழை எச்சரிக்கை நெல்லுக்கும் காய்கறிக்கும் தாழ்வான தொழுவத்துக்கும் உரியது.

காற்று அறிவிப்பில் “மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும்” என்று வரும். வாழையை ஒடிப்பது அந்த ‘இடையிடையே’தான், பெரிய எண்ணையே பாருங்கள். ‘சூறாவளிக்காற்று’ என்ற சொல் மீனவர் எச்சரிக்கையில் அடிக்கடி வருகிறது. அது கடல் பகுதிக்குச் சொல்லப்படுவது, புயல் வருகிறது என்று பொருளில்லை. காற்றின் திசை என்பது காற்று வரும் திசை. வடகிழக்குக் காற்று வடகிழக்கிலிருந்து வருவது. வேளாண் அறிக்கைகளில் இதை டிகிரியில் போட்டிருப்பார்கள். 90 என்றால் கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு, 360 வடக்கு. காற்றுக்கு எதிரே நின்று மருந்து தெளிக்கக் கூடாது என்பதால் இது தெரிந்திருப்பது நல்லது. மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் காற்று இருந்தால் தெளிக்கவே வேண்டாம்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு

நிற எச்சரிக்கை மழையின் அளவுப் பட்டியல் அல்ல. பாதிப்பு வர எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு ஆயத்தம் தேவை என்பதைச் சொல்வது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை, மழையே இல்லை என்பதல்ல. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். அன்றே வடிகாலைத் திறந்து, மடையில் அடைப்பை எடுத்துவிடுங்கள். ‘ரெட் அலர்ட்’ என்றால் செயல்படுங்கள். அப்போது பயிரை விட ஆளும் மாடும் முக்கியம். கால்நடைகளை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோக இருட்டும் வரை காத்திருக்கக் கூடாது.

ஈரப்பதம்

இந்த ஒரே சொல்லை நாம் இரண்டு இடத்தில் பயன்படுத்துகிறோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கேட்கும் 17 சதவீத ஈரப்பதம் நெல்மணியில் உள்ள நீர். வானிலை அறிக்கையில் வரும் 90 சதவீத ஈரப்பதம் காற்றில் உள்ளது. காற்று அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற கணக்கு அது. காலையில் அதிகமாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருப்பது வழக்கம். பிற்பகல் ஈரப்பதமும் இறங்காமல் இருந்தால் களத்தில் நெல் காயாது. மார்கழியையொட்டி இரவு வெப்பநிலை 20 டிகிரி அளவுக்கு இறங்கி, காலை ஈரப்பதம் 90-க்கு மேல் நின்று, இலையில் பனி நெடுநேரம் இருந்தால் நெல்லில் குலைநோய் வரும் சூழல். மழையே இல்லாத அறிக்கையிலும் இந்த இரண்டு எண்களைப் பார்ப்பது அதனால்தான்.

இடி, மின்னல்

“அடுத்த மூன்று மணி நேரத்தில் இடி மின்னலுடன் மழை” என்ற உடனடி அறிவிப்பு பயிருக்கானது அல்ல, உங்களுக்கானது. மின்னல் தெரிந்து இடி கேட்க மூன்று விநாடி ஆனால் அது சுமார் ஒரு கி.மீ. தூரத்தில் விழுந்திருக்கிறது. இந்த இடைவெளி 30 விநாடிக்குள் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு நல்ல கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வயலில் இறங்க வேண்டும். நடவு வயலில் நிற்கும் பெண்களை அந்த நேரத்தில் “இந்த முடி மட்டும் முடிச்சிடுங்க” என்று நிறுத்தி வைக்காதீர்கள். தனித்து நிற்கும் பனை, புளிய மரத்தடி, மோட்டார், கம்பிவேலி மூன்றையும் விட்டு விலகுங்கள். ‘தாமினி’ செயலி உங்கள் இருப்பிடத்தைச் சுற்றி மின்னல் வாய்ப்பை எச்சரிக்கிறது.

‘இயல்பான பருவமழை’

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு இயல்பான மழை சுமார் 44 செ.மீ. இதிலிருந்து 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் அது ‘இயல்பு’ என்றே அழைக்கப்படும். 20 முதல் 59 சதவீதம் குறைந்தால் ‘குறைவு’, 60-க்கு மேல் குறைந்தால் ‘மிகக் குறைவு’. இது மாநிலத்தின் மொத்தக் கணக்கு. மூன்று மாத மழை நான்கே நாளில் கொட்டி, மற்ற நாளெல்லாம் காய்ந்தாலும் முடிவில் ‘இயல்பு’ என்று வரும். கரிசல் மானாவாரிக்கு அந்த இயல்பால் பயனில்லை.

எல் நினோ, லா நினா பற்றியும் கேட்கிறீர்கள். பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தை விடச் சூடாவது எல் நினோ, குளிர்வது லா நினா. எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை குறைய வாய்ப்பு அதிகம். நம் வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் கூடும். லா நினாவில் இது தலைகீழாகும் என்பது பொதுவான போக்கு. ஆனால் 2016, 2021 இரண்டுமே லா நினா ஆண்டுகள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து வறட்சி வந்தது. 2021-ல் இயல்பை விடப் பாதிக்கு மேல் அதிகமாகப் பெய்தது. ஆகவே இந்தப் பெயரை மட்டும் வைத்துப் பயிரைத் தேர்வு செய்ய வேண்டாம். ரகத்தின் வயது, விதையின் அளவு போன்றவற்றில் சிறு முன்ஜாக்கிரதைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

எங்கே பார்ப்பது, எப்படி அளப்பது

வேளாண் பல்கலைக்கழகமும் வானிலைத் துறையும் சேர்ந்து வாரந்தோறும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் ஐந்து நாள் முன்னறிவிப்புடன் வேளாண் ஆலோசனை வெளியிடுகின்றன. ‘மேகதூத்’ செயலியில் இதை மாவட்ட வாரியாகப் படிக்கலாம். ஐந்து நாளில் முதல் இரண்டு நாளை அதிகம் நம்பலாம். கடைசி இரண்டு நாளைத் திட்டமிட மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த அறிக்கையில் சரிபாருங்கள். பதினைந்து நாள் கழித்து உங்கள் ஊரில் இத்தனை செ.மீ. பெய்யும் என்று யார் எண் சொன்னாலும் அதை நம்பி வேலையாள் கூப்பிடாதீர்கள்.

உங்கள் வயலில் உண்மையில் எவ்வளவு பெய்தது என்பதை நீங்களே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் நேராக உள்ள ஒரு டப்பா போதும். வாளி வேண்டாம், அதன் வாய் அகன்றிருப்பதால் அளவு கூடிக் காட்டும். மரம், கூரை ஆகியவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி, சாயாமல் நட்டுவைத்து, தினமும் காலை 8.30-க்கு உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை அளவுகோலால் மி.மீ.யில் அளந்து நோட்டில் எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். டப்பாவின் அகலம் எதுவானாலும் அந்த உயரம்தான் உங்கள் மழை. ஒரு பருவம் இப்படி எழுதினால், உங்கள் மாவட்டத்துக்கு ‘ஓரிரு இடங்களில்’ என்று சொன்ன நாட்களில் உங்கள் வயல் எத்தனை முறை நனைந்தது, ‘அநேக இடங்களில்’ என்ற நாட்களில் எத்தனை முறை நனைந்தது என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.